திருமலைராயன்பட்டினத்துச் சிலேடையும் குறுக்கெழுத்துக் கட்டமும்

தமிழ் வார இதழ்களிலும் நாளிதழ் இணைப்புகளிலும் வரும் குறுக்கெழுத்துப் புதிரைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு நான்கு தலைப்புகள் பழக்கமானவை: இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், வலமிருந்து இடம், கீழிருந்து மேல். ஆங்கிலப் புதிரில் முதலிரண்டு திசைகள் மட்டுமே உண்டு. பின்னிரண்டும் நாம் சேர்த்துக்கொண்டவை. அதோடும் நிற்பதில்லை. குறிப்பின் வாலில் 'குழம்பியுள்ளது', 'திரும்பியுள்ளது' என்று ஓர் அடைப்புக்குறி வேறு இருக்கும். விடை 'தாமரை' என்றால், கட்டத்துக்குள் 'ரைதாம' என்றோ 'மரைதா' என்றோ எழுத வேண்டியிருக்கும். எது சரி என்று குறிப்பு சொல்லாது, குறுக்கே வரும் சொல்தான் சொல்லும். குறிப்பு எப்படி என்று பார்த்தால், 'மலர்களில் ஒன்று' என்று ஒரு வரி. சொல்லைக் கட்டத்தில் குழப்பிப் போட்டுவிட்டு, குறிப்பைப் பள்ளிக்கூட வினாத்தாள் போல் வைத்திருக்கிறோம். உலகத்தின் வேறு சில இடங்களில் இது தலைகீழ். குழப்பம், திருப்பம், ஒளிவுமறைவு எல்லாம் குறிப்புக்குள் நடக்கும். கட்டத்தில் இறங்கும் சொல் அகராதிச் சொல்லாக நேராக நிற்கும்.

இந்தத் தலைகீழ் நிலைக்குக் காரணம் கேட்டால், தமிழ் இந்த விளையாட்டுக்கு வளைந்து கொடுக்காது என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். 26 எழுத்து உள்ள மொழிக்குச் சரி, 247 எழுத்து உள்ள மொழிக்கு ஒத்துவராது என்பார்கள். இந்த வாதத்தில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது. அதைப் பின்னால் பார்க்கலாம். ஆனால் புதிர்க்குறிப்பின் இயந்திரம் முழுவதும், ஒரு திருகாணி குறையாமல், தமிழ்ச் செய்யுள் மரபில் பல நூற்றாண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. அந்த மரபின் பெயர்பெற்ற களங்களில் ஒன்று காரைக்கால் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆக, குறை மொழியில் இருக்கிறது என்பதை ஏற்க முடியவில்லை. குறிப்பு எழுதுபவருக்கும் விடை தேடுபவருக்கும் இடையில் இருக்க வேண்டிய ஒப்பந்தம் தமிழ்ப் பத்திரிகையுலகில் உருவாகவே இல்லை. அதை உருவாகவிடாமல் தடுத்தது பரிசுப் போட்டி. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான்.

முதலில் அந்த ஒப்பந்தத்தைப் பார்ப்போம். குறுக்கெழுத்தை முதலில் அச்சிட்டது 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழ், 1913 டிசம்பர் 21 அன்று. வைர வடிவக் கட்டத்தை அமைத்தவர் லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின். அவருடைய குறிப்புகள் நேரான அகராதிப் பொருள்களே. அது அட்லாண்டிக்கைத் தாண்டி இங்கிலாந்துக்கு வந்த பிறகு ஆள் மாறிப்போயிற்று. 1926-ல் 'அப்சர்வர்' இதழில் 'டார்க்கிமாடா' என்ற புனைபெயரில் எழுதத் தொடங்கிய எட்வர்ட் பொவிஸ் மாதர்ஸ், குறிப்பு முழுவதையும் சொல்விளையாட்டாக்கினார். அவருக்குப் பின் அதே இதழில் வந்த மக்நட், 'சிமினீஸ்' என்ற பெயரில், 1966-ல் வெளியிட்ட நூலில் விதிகளை வகுத்தார். சாரம் எளியது. ஒவ்வொரு குறிப்பிலும் இரண்டு பாகம் இருக்க வேண்டும். ஒன்று விடையின் பொருளை நேராகச் சொல்லும். மற்றொன்று அதே விடைக்குச் சொல்விளையாட்டு வழியாக அழைத்துப் போகும். இரண்டும் ஒட்டிக்கொண்டு மேலோட்டத்துக்கு வேறேதோ சொல்வதுபோல் ஒரு வாக்கியமாக நிற்கும். வாக்கியம் வாசகரை ஏமாற்றலாம், ஆனால் பொய் சொல்லக் கூடாது. ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்க வேண்டும். விடை கிடைத்ததும் 'இதுதான், வேறில்லை' என்று தேடியவருக்கே உறுதிப்பட வேண்டும். இதழாசிரியர் அடுத்த வாரம் வந்து சொல்ல வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

பிரெஞ்சுக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1739-ல் காரைக்காலைப் பெற்று 1954 வரை ஆண்டவர்களின் மொழி என்பதால், இந்த வேறுபாடு நம் கரைக்குச் சற்று நெருக்கமானது. பிரெஞ்சுப் புதிரில் குறிப்பைப் பிரித்துக் கூட்டும் வேலை அதிகம் இல்லை. பொருளை நேராகச் சொல்லாமல் ஒரு கோணத்தில் திருப்பிச் சொல்வார்கள். பெயர்பெற்ற ஒரு குறிப்பு, குளியல்தொட்டிகள் காலியாவதையும் கைகழுவும் தொட்டிகள் நிறைவதையும் பேசும். விடை: நாடக இடைவேளை. பிரெஞ்சில் குளியல்தொட்டிக்கான சொல் அரங்கின் கீழ்த்தள இருக்கைப் பெட்டிகளையும் குறிக்கும் என்பதில் இருக்கிறது அத்தனை குறும்பும். 1920-களில் நாடகாசிரியர் திரிஸ்தான் பெர்னார், 1976 முதல் 'லெ புவேன்' வார இதழில் நாவலாசிரியர் ழோர்ழ் பெரெக் எனத் தேர்ந்த எழுத்தாளர்களே இதற்குக் குறிப்பு எழுதினார்கள். அங்கே அது இலக்கியத்தின் ஒரு கிளை. ஆங்கிலேயர் வழி சொல்லை எழுத்து எழுத்தாகக் கழற்றிப் பூட்டுகிறது. பிரெஞ்சு வழி சொல்லை முழுதாக வைத்துக்கொண்டு அதன் இரண்டு முகங்களைக் காட்டுகிறது. தமிழ் அணியிலக்கணம் படித்தவருக்கு இந்தப் பிரிவினை எங்கோ கேட்டதுபோல் இருக்கும். இருக்க வேண்டும். சோழர் காலத்துத் தண்டியலங்காரம் சிலேடையைப் பிரிப்பது இதே கோட்டில்தான்: சொல் பிரியாமல் நின்று இரு பொருள் தருவது செம்மொழிச் சிலேடை, பிரித்தால் வேறு பொருள் தருவது பிரிமொழிச் சிலேடை.

காரைக்காலிலிருந்து நாகூர் போகும் சாலையில் இருக்கிறது திருமலைராயன்பட்டினம். 15-ஆம் நூற்றாண்டில் இப்பகுதியை ஆண்ட சாளுவத் திருமலைராயனின் பெயர் தாங்கிய ஊர். அவன் அவைக்குக் காளமேகப் புலவர் வந்தார் என்றும், அதிமதுர கவியின் தலைமையில் அங்கிருந்த 64 தண்டிகைப் புலவர்களோடு மோதினார் என்றும், கொதிக்கும் கொப்பரைக்கு மேலே தொங்கியபடி கேட்டவர் கேட்ட சொல்லுக்கெல்லாம் உடனுக்குடன் வெண்பா சொல்லும் யமகண்டம் ஏறினார் என்றும், கடைசியில் ஊர் மண்மாரியில் அழியப் பாடிவிட்டுப் போனார் என்றும் தனிப்பாடல் மரபு கதை சொல்கிறது. ஊர் அழியாமல் இன்றும் ஒரு கொம்யூனாக இருந்துவருகிறது என்பதால், கதையின் அந்தப் பாகத்தை நம்புவது வாசகர் விருப்பம். பாடல்களின் சூழல் பற்றிய கதைகள் வாய்வழி வந்தவை. வரலாற்றுச் சான்றாக அவற்றை நிறுத்த முடியாது. ஆனால் பாடல்கள் இருக்கின்றன. அவை காட்டும் தொழில்நுட்பம் எந்தக் கதையையும் நம்பியில்லை.

வைக்கோலுக்கும் யானைக்கும் சிலேடையாக அவர் பாடிய வெண்பாவை எடுத்துக்கொள்வோம். அதன் கட்டுமானம் மூன்று சொற்களில் நிற்கிறது. களம் என்றால் நெல்லடிக்கும் களமும் உண்டு, போர்க்களமும் உண்டு. போர் என்றால் வைக்கோற்போரும் உண்டு, யுத்தமும் உண்டு. கோட்டை என்றால் நெல் கட்டிவைக்கும் கோட்டையும் உண்டு, அரசனின் அரணும் உண்டு. டெல்டாவில் அறுவடை பார்த்த எவருக்கும் இந்த மூன்றும் அன்றாடச் சொற்கள். காளமேகம் செய்ததெல்லாம் ஒரே வாக்கிய அமைப்பில் இரண்டு உலகங்களும் பிசகாமல் ஓடும்படி அவற்றை வரிசைப்படுத்தியதுதான். ஆங்கிலப் புதிர்க்காரர்கள் இரட்டைப் பொருள் குறிப்பு என்று சொல்வதை வெண்பாவின் நான்கு அடிக்கும் நீட்டினால் இதுதான் கிடைக்கும்.

நாகப்பட்டினத்துக் காத்தான் சத்திரத்தைப் பற்றிய பாடல் இன்னும் ஒருபடி மேலே. ஊர் அடங்கும் நேரத்தில்தான் அரிசி உலைக்கு வரும், விடிவெள்ளி எழும்போதுதான் இலையில் சோறு விழும் என்று சத்திரத்தைத் திட்டுவதுபோல் அது ஒலிக்கிறது. சத்திரக்காரர் மனம் நோகவே, அதே சொற்களுக்குப் புலவரே வேறு பொருள் சொன்னார் என்பது கதை. அங்கே உலை வைத்தால் ஊரின் பசி அடங்கும். சோற்றின் வெண்மைக்கு விண்ணிலிருக்கும் வெள்ளியும் தோற்றுப்போகும். ஓர் எழுத்தும் மாறவில்லை, வரிசையும் மாறவில்லை. மேற்பொருள் வசை, உட்பொருள் புகழ். சிமினீஸ் 1966-ல் குறிப்புக்கு வகுத்த இலக்கணத்தை இதைவிடச் சுத்தமாக நிறைவேற்றிய எடுத்துக்காட்டு ஆங்கிலத்தில் இருந்தாலும் அதிகம் இராது.

மூன்றாவது சான்று கச்சி ஏகம்பனைப் பற்றிய, பின்ன எண்களால் ஆன வெண்பா. முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா என்று பழைய தமிழ்க் கணக்கின் பின்னங்கள் அதில் வரிசையாக வருகின்றன. கணக்குப் பாட்டு என்று நினைத்துப் படித்தால் ஒன்றும் விளங்காது. சொற்களைப் பிரித்தால் விளங்கும். முக்கால் என்பது கோலூன்றும் கிழவரின் மூன்று கால். 'முன்னரை'க்குள் அரையைப் போலவே நரையும் ஒளிந்திருக்கிறது. இருமா என்பதில் இருமல். ஒருமா என்பது காஞ்சிக் கோயிலின் ஒற்றை மாமரம். மூப்பும் நோயும் வருமுன் அந்த மரத்தடியில் இருப்பவனை நினை என்பது உட்பொருள். பிரிமொழிச் சிலேடைக்கு இதைவிட நெருக்கமான நெசவு கிடையாது. டார்க்கிமாடா இதைப் பார்த்திருந்தால் தொழிலை விட்டிருக்க மாட்டார்; ஆனால் கொஞ்சம் அடக்கமாக எழுதியிருப்பார்.

சிலேடை ஒரு பகுதிதான். சித்திரக்கவி வகைகளை அடுக்கும் இலக்கண நூல்களைப் பார்த்தால், புதிர்க்குறிப்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் அங்கே பெயர் இருக்கிறது. ஒரு சொல்லிலிருந்து எழுத்தை நீக்க நீக்க வேறு வேறு சொல் பிறப்பது அக்கரச் சுதகம். எழுத்தைக் கூட்டக் கூட்டப் பிறப்பது எழுத்து வருத்தனம். ஒரு செய்யுளுக்குள் இன்னொன்று மறைந்திருப்பது கரந்துறைச் செய்யுள். நெடிலைக் குறிலாக்கி வேறு சொல் பெறுவது மாத்திரைச் சுருக்கம். 'காரை'யின் அளவைக் குறைத்தால் 'கரை', 'கால்' குறைந்தால் 'கல்', ஊர்ப்பெயரே உதவிக்கு வருகிறது. மூன்றெழுத்துச் சொல்லில் முதலும் ஈறும் சேர்ந்து ஒரு சொல், இடையும் ஈறும் சேர்ந்து ஒரு சொல் தருவது திரிபாகி. மேலே சொன்ன 'தாமரை'யே அதற்குப் பொருந்தும், முதலும் ஈறும் தாரை, இடையும் ஈறும் மரை. பின்னிருந்து படித்தாலும் அதுவே வருவது மாலைமாற்று. காரைக்காலுக்கு வடக்கே சீர்காழியில் பிறந்த திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகவே பாடியிருக்கிறார். காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதியில் ஒரு வெண்பாவின் முடிவு அடுத்ததன் தொடக்கமாகி 101 பாடல்களைக் கோக்கிறது. இதில் புதிர் இல்லை என்றாலும், ஒரு சொல்லை இரண்டு பாட்டுக்கும் பொதுவாக வைக்கும் கட்டுமானம் குறுக்கெழுத்தின் வெட்டுக்கட்டத்துக்கு அந்நியமானதன்று.

இந்த வகைகளில் புதிருக்கு மிக நெருக்கமானது வினாவுத்தரம். சில கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு விடை. விடைகளைச் சேர்த்தால் இறுதிக் கேள்வியின் விடை. முகத்தில் உணவு புகுவது எது, நடக்க உதவுவது எது, இரண்டும் கூடி வயலுக்கு நீர் கொடுப்பது எது என்று கேட்டால் வாய், கால், வாய்க்கால். ஆங்கிலப் புதிரில் சொல்லைத் துண்டு துண்டாக ஒட்டும் குறிப்பும் இதுவும் வேறல்ல. கேள்விகளை ஒரே வாக்கியமாக மடித்துவிட்டால் போதும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சிலேடைப் பாடலின் தலைப்பிலேயே 'வைக்கோலும் யானையும்' என்று போட்டுவிடுகிறார்கள். கேட்பவர் தேட வேண்டியது எதுவும் இல்லை, வியக்க வேண்டியதுதான் மிச்சம். புதிர் விடையை மறைக்கிறது, சிலேடை இரண்டையும் வெளிச்சத்தில் வைத்துவிட்டுப் பொருத்திக் காட்டுகிறது. அப்படியானால் ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படி வரும்? இந்த வேறுபாடு உண்மையானது. அதை மறைத்து 'எல்லாம் நம்மிடமே இருந்தது' என்று மார்தட்டுவது ஆராய்ச்சி ஆகாது. கட்டம் நம்முடையதன்று, 1913-ல் வந்தது. ஆனால் மறைத்துக் கேட்கும் பழக்கமும் தமிழுக்குப் புதியதில்லை. தொல்காப்பியம் செய்யுளியலில் பிசி என்று ஒரு வகையைச் சொல்கிறது. ஊரில் விடுகதை, வெடி, நொடி என்று வழங்குவதன் முன்னோர் அது. விடுகதையில் மறைப்பு இருக்கிறது, சொல்விளையாட்டு குறைவு. பெரும்பாலும் உவமையால் கேட்கும். சிலேடையில் சொல்விளையாட்டு நிறைய, மறைப்பு இல்லை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்தால் புதிர்க்குறிப்பு. தமிழில் இரண்டு பாதிகளும் தனித்தனியே முழு வளர்ச்சி பெற்றிருந்தும் சேரவில்லை என்பதே விளக்கம் கேட்கும் விஷயம்.

அவை சேர வேண்டிய இடம் பத்திரிகை. அங்கே என்ன நடந்தது? 1928-ல் ஆனந்த விகடனை எஸ்.எஸ். வாசன் வாங்கினார். 1930-களில் அவ்விதழ் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிகள் விற்பனையைப் பெருக்கின. தமிழ் வாசகருக்குக் குறுக்கெழுத்து அறிமுகமானதே பரிசுப் பணத்தோடு சேர்ந்துதான். இந்தியா முழுவதும் அப்போது இதே காய்ச்சல். பணப்போட்டிக்கு எழுதும் குறிப்பின் தேவை வேறு. எல்லாரும் சரியான விடை போட்டுவிட்டால் பரிசைப் பங்கிட்டுக் கட்டாது. ஆகவே விடை உறுதிப்படக் கூடாது. 'வாழ்க்கைக்கு இது அவசியம்' என்று குறிப்புக் கொடுத்து, கட்டத்தில் 'ணம்' என்ற இரண்டெழுத்தை நிரப்பி வைத்தால், பணமும் பொருந்தும், குணமும் பொருந்தும், மணமும் பொருந்தும். எது சரி என்பது ஆசிரியரிடம் முன்கூட்டி முடிவான தாளில் இருக்கும். மூன்றையும் தனித்தனித் தாளில் எழுதி மூன்று கட்டணம் கட்டி அனுப்புபவர் புத்திசாலி. குறிப்பு மங்கலாக இருக்க இருக்க வருமானம் கூடும்.

இந்த மங்கல்தான் கடைசியில் நீதிமன்றம் வரை போனது. 1955-ன் பரிசுப் போட்டிகள் சட்டம், குறுக்கெழுத்துப் போட்டியைப் பெயர் சொல்லியே தன் வரம்புக்குள் கொண்டுவந்து, மாதப் பரிசு மொத்தம் 1,000 ரூபாய்க்கும், வரும் விடைத்தாள்கள் 2,000-க்கும் மிகக் கூடாது என்றது. ஆர்.எம்.டி.சி. குறுக்கெழுத்துப் போட்டியை நடத்தியவர்கள் தொடர்பான வழக்குகளில் 1957-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது: வெற்றி கணிசமான அளவு திறமையைச் சார்ந்திருந்தால் அது சூதாட்டம் ஆகாது, இந்தச் சட்டம் பிடிப்பது சூதாட்டத் தன்மையுள்ள போட்டிகளைத்தான். சிமினீஸ் தன் நூலில் நியாயமான குறிப்புக்கு விதி வகுப்பதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே, இந்திய நீதிபதிகள் அந்த விதியின் மறுபக்கத்தைச் சொல்லிவிட்டார்கள். துரதிர்ஷ்டம், தமிழ்ப் பத்திரிகைகள் பெரும் பரிசை விட்டனவே தவிர, பரிசுக்காகப் பழகிய குறிப்பு நடையை விடவில்லை. சூது போயிற்று, மங்கல் தங்கிவிட்டது. பழியை மொழியின்மேல் போட்டோம்.

இனி அந்த 247 எழுத்து வாதம். ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் ஒரு கட்டத்தில் வெட்டிக்கொள்ள ஓர் எழுத்து ஒத்தால் போதும். தமிழில் உயிர்மெய் முழுதும் ஒக்க வேண்டும். 'கா'வும் 'கை'யும் ஒரே கட்டத்தில் உட்காராது. மெய்யெழுத்தில் சொல் தொடங்காது என்பதால், 'ல்' என்ற கட்டத்திலிருந்து கீழே ஒரு சொல்லை இறக்க முடியாது. கட்டம் அமைப்பவருக்கு இது உண்மையான தொல்லை. திசைகளை நான்காக்கியதும், சொல்லைக் குழப்பிப் போட்டதும் இந்தத் தொல்லைக்குக் கண்டுபிடித்த குறுக்குவழிகளே. ஆனால் வழி வேறு இருக்கிறது. இங்கிலாந்து பாணிக் கட்டத்தில் ஒரு சொல்லின் எழுத்துகளில் ஏறத்தாழப் பாதிதான் வெட்டுப்படும். தமிழில் அதையும் குறைத்து, ஐந்தெழுத்துச் சொல்லில் ஒன்றோ இரண்டோ வெட்டினால் போதும். ஏன் போதும் என்றால், ஆங்கிலத்தில் வெட்டுக்கட்டத்தில் கிடைக்கும் ஓர் எழுத்து அதிகம் எதையும் சொல்வதில்லை. தமிழில் 'ரை' என்று ஒரு கட்டம் நிரம்பினால் பாதிச் சொல் தெரிந்துவிடுகிறது. எழுத்து மிகுதி அமைப்பவருக்குப் பறித்ததைத் தேடுபவருக்குக் கொடுத்துவிடுகிறது. வெட்டு குறைந்தால் நட்டமில்லை. குறிப்புத்தான் அதற்கேற்றபடி வலுவாக இருக்க வேண்டும்.

எழுத்தைக் கலைத்து வேறு சொல் செய்வதும் தமிழில் குறைவாகத்தான் வாய்க்கும். குறைவென்றால் இல்லை என்று பொருளாகாது. 'குழம்பி விதைக, முளைப்பது பா (3)' என்றால், 'விதைக' என்ற மூன்றெழுத்தைக் கலைத்தால் கவிதை. ஒளித்து வைப்பதில் தமிழின் சந்தி எதிர்பாராத உதவி செய்கிறது. 'நன்றாகப் பல் துலக்கியவரிடம் மறைந்திருக்கும் மரக்கலம் (4)' என்ற குறிப்பைப் பாருங்கள். 'நன்றாகப் பல்' என்பதற்குள் கப்பல் நிற்கிறது. ஒற்று மிகாமல் எழுதினால் கப்பல் இல்லை. வல்லினம் மிகும் இடம் பற்றிப் பள்ளியில் பட்ட பாட்டுக்கெல்லாம் இப்படியும் ஒரு பலன். வாய்க்கால், காரைக்கால் போன்ற விடைகளில் வரும் ஒற்றும் இதே வகை. வாய், கால் என்று இரண்டு துண்டுகளைக் குறிப்பு கொடுத்தால், இடையில் வரும் 'க்'கைத் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. இலக்கணம் கொடுக்கிறது, தமிழறிந்த எவரும் அதை எழுதுவார். இது ஆங்கிலத்தில் இல்லாத சலுகை. விதிகளைத் தமிழுக்கென்று தனியாக எழுத வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

வேற்றுமை உருபு இதற்கு நேர்மாறான சங்கடம். 'சோலையைப் பரப்பினால் ஆறு (3)' என்று ஒருவர் குறிப்பு எழுதலாம். சோலை என்றால் கா, பரப்பு என்றால் விரி, விடை காவிரி. மேலோட்டத்துக்கு ஏதோ கணக்குப் போலவும் ஆறு என்பது எண்ணைப் போலவும் மயக்குகிறது. ஆனால் 'சோலையை' என்பதில் இருக்கும் ஐகாரத்துக்கு விடையில் இடமில்லை, சும்மா நிற்கிறது. 'சோலைப் பரப்பில் ஆறு (3)' என்று மாற்றினால் சுத்தம். சோலை உருபில்லாமல் நிற்கிறது; சோலை, பரப்பு இரண்டின் சேர்க்கையில் ஓர் ஆறு இருக்கிறது என்று 'இல்' உருபு உண்மையே பேசுகிறது. படிப்பவர் கண்ணில் ஒரு தோப்பும் நடுவே ஓடும் நதியும் தெரிகின்றன. பரப்பு பெயர்ச்சொல்லாக வேடம் போட்டு நிற்கும் வினைச்சொல் என்பது பிறகு உறைக்கும். இந்த ஒரு திருத்தத்துக்குள் கலையின் பாதி இருக்கிறது. தமிழ் உருபுகள் குறிப்பைக் காட்டிக்கொடுக்கும் என்று சொல்பவர்கள், உருபு இல்லாத தொகைநிலைத் தொடர்கள் தமிழில் எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கவில்லை. வேற்றுமைத்தொகை, வினைத்தொகை, உம்மைத்தொகை எல்லாம் இரண்டு பொருளுக்கு இடம் வைத்தே நிற்கின்றன. உரையாசிரியர்கள் அவற்றை விரித்துப் பொருள் கொள்வதில் காட்டிய உழைப்பே இதற்குச் சாட்சி.

இன்னொரு மறுப்பு, இது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்பது. 'கா' என்றால் சோலை என்று இன்று யாருக்குத் தெரியும் என்பார்கள். பூங்காவுக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததை அவர்கள் கவனித்ததில்லை, அவ்வளவுதான். ஆனாலும் எச்சரிக்கை நியாயமானது. நிகண்டைப் புரட்டி ஓரெழுத்து ஒருமொழிகளாகப் பொறுக்கிக் குறிப்பு எழுதினால், பிற்காலத்து யமகமும் திரிபும் போன வழியில் இதுவும் போகும். உரை இல்லாமல் விளங்காத யமக அந்தாதிகளை இன்று எத்தனை பேர் பிரிக்கிறார்கள்? காளமேகம் நிலைத்ததற்குக் காரணம், போரும் களமும் வெள்ளியும் அவருடைய சரக்காக இருந்ததுதான். அதே வகைச் சொற்கள் இன்றும் தீர்ந்துவிடவில்லை. கால் என்பதில் உறுப்பும் பின்னமும் வாய்க்காலும் இருக்கின்றன. திங்களில் நிலவும் மாதமும் கிழமையும் இருக்கின்றன. மரை என்றால் பட்டறையில் போல்ட்டுக்குப் போடுவது, காட்டில் ஒரு மான், தலை போன தாமரை. பட்டறைக்காரருக்கும் புலவருக்கும் பொதுவான சொல்லில் குறிப்பு எழுதுபவர் எந்த வகுப்பையும் வெளியே நிறுத்தவில்லை.

ஆங்கிலத்தின் நகல்தானே என்ற குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் தேவையில்லை. சென்னையிலிருந்து வரும் 'தி இந்து' ஆங்கில நாளிதழின் புதிரை நாள்தோறும் போடும் தமிழர்கள் ஏராளம். இந்தியர்களே அதற்குக் குறிப்பும் எழுதுகிறார்கள். அந்தத் திறமை ஆங்கிலத்துக்கு மட்டும் போய்ச் சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. போய்ச் சேரவும் இல்லை. அமெரிக்கத் தமிழர்களின் மாத இதழான 'தென்றல்' வாஞ்சிநாதன் என்பவர் அமைத்த தமிழ்ப் புதிர்களை வெளியிட்டது. சொல்விளையாட்டுக் குறிப்பு, நேரான கட்டம், விடையை உறுதிப்படுத்தும் இரண்டு பாகம் என எல்லா நியதிகளும் அவற்றில் இருந்தன. தனித்தனியாக விடும் குறிப்புகளுக்கு அவர் 'உதிரிவெடி' என்று பெயர் வைத்தார். வெடி என்பது விடுகதைக்கும் வழங்கும் பெயர் என்பதால், அந்தப் பெயரே சிலேடை. தமிழில் இது முடியாது என்ற வாதத்துக்கு அந்தப் புதிர்கள் நடைமுறைப் பதில். அதன்பின் முடியுமா என்று கேட்பதில் பொருளில்லை. ஏன் பரவலாகவில்லை என்றுதான் கேட்க வேண்டும். லட்சக்கணக்கில் விற்கும் வார இதழ்களின் கட்டங்கள் 1930-களின் நடையிலேயே நிற்பதுதான் அதற்குக் காரணம் என்பது என் முடிவு.

ஆகவே இதழாசிரியர்களுக்கு மூன்று கோரிக்கைகள். வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்ற இரண்டு திசைகளையும் கைவிடுங்கள். கட்டத்தில் வெட்டுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், இடம் தானாகக் கிடைக்கும். 'குழம்பியுள்ளது' என்ற அடைப்புக்குறியைக் கட்டத்திலிருந்து எடுத்துக் குறிப்புக்குள் வையுங்கள். குழப்பிய சொல்லும் ஒரு பொருள் தர வேண்டும் என்று எழுதுபவரைக் கேளுங்கள். விடைகளை அச்சிடும்போது வெறும் விடையோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு குறிப்பும் எப்படிப் பிரிகிறது என்று ஒரு வரி உரை போடுங்கள். இரண்டு மாதம் அந்த உரையைப் படிக்கும் வாசகர் மூன்றாம் மாதம் தானே குறிப்பு எழுதி அனுப்புவார். அதை வெளியிட அரைப்பக்கம் ஒதுக்கினால் போதும்.